மருந்துச் சோதனையில் சேரலாமா? பெருங்குடல் அழற்சி உள்ள ஒருத்தியின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மதிப்பிடப்போவது மருந்தை இல்லை. பெருங்குடலில் புண் வந்து ரத்தம் போகும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோய்க்கான ஒரு புது மாத்திரையின் கிளினிக்கல் டிரயலில், அதாவது மருந்துச் சோதனையில், இருந்தேன். அந்த டிரயலை எப்படி நடத்தினார்கள், நோயாளிக்கு அதில் என்ன கிடைக்கிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதுகிறேன். மாத்திரையின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எனக்குச் சரியானது என்று எழுதினால் நாளைக்கே நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லி டாக்டரைக் கேட்பார்கள். ஒருத்தியின் வயிற்றில் நடந்ததை வைத்து ஒரு மருந்தை எடைபோட முடியாது. அதனால்தானே நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துச் சோதிக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அது போதும்.

நான் பொள்ளாச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கேஷியர். இந்த நோய் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே பாதி புரிந்திருக்கும். கவுண்டரில் வரிசை நிற்கும்போது வயிறு முறுக்கும். கேஷ் பெட்டியைப் பூட்டி, சாவியை எடுத்து, பக்கத்து சீட் அக்காவிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டும். நோய் கிளம்பியிருக்கும் நாளில் ஏழெட்டு தடவை, பாதிக்கு மேல் ரத்தத்தோடு. மெசலமின் மாத்திரையும் இனிமாவும் சில வருஷம் தாங்கின. அப்புறம் ஸ்டீராய்டு. அது சீக்கிரம் கேட்கும், ஆனால் டோஸைக் குறைத்ததும் நோய் மறுபடி தலைதூக்கும். முகம் உப்பியது, சுகர் ஏறியது. நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரின் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் மடமடவென்று இறங்கியதால் நிறுத்திவிட்டார்கள். என்யுடிடி15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு இப்படி ஆகும், இந்தியர்களில் சிலருக்கு அந்த மாற்றம் உண்டு. அசதயோபிரின் தொடங்கும் முன்பே அந்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த படி இன்ஃப்ளிக்சிமாப். 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு (அதுவும் ஒரு குடல் அழற்சி நோய்தான்) அனுமதி கிடைத்து, 2005இல் எங்கள் நோய்க்கும் வந்த மருந்து. நிறையப் பேரின் குடலைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபியை எழுப்பிவிடும் ஆபத்து வேறு, நம் ஊரில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. செலவை நினைத்தால் எங்கள் இரண்டு பேர் சம்பளமும் திணறும். நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர், "ஒரு டிரயல் ஓடுது, படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் நம்ம டிரீட்மெண்ட் எப்பவும் போல நடக்கும்" என்றார்.

சோதிக்கப்பட்ட மாத்திரை எஸ்1பி என்ற வகையைச் சேர்ந்தது. லிம்ஃபோசைட் எனும் வெள்ளை அணுக்கள் நிணநீர்க் கணுக்களிலிருந்து ரத்தத்துக்கு வருவதற்கு எஸ்1பி என்ற ஒரு பொருளின் சமிக்ஞை வேண்டும். இந்த மருந்துகள் அந்தச் சமிக்ஞையைக் கேட்கவிடாமல் செய்துவிடுகின்றன. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு பகுதி கணுக்களிலேயே தங்கிவிடுவதால், குடலுக்குப் போய்ப் புண்ணைக் கிளறும் கூட்டம் குறைகிறது. இந்த வகையில் முதலில் வந்தது ஃபிங்கோலிமோட். நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 2010இல் அனுமதி பெற்றது. குடலுக்கு என்று பார்த்தால் 2021 மே மாதம் ஓசானிமோட், 2023 அக்டோபரில் எட்ராசிமோட், இரண்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. ஊசி வேண்டாம், தினம் வாயில் போட்டுக்கொள்ளும் மருந்து என்பதுதான் என்னை முதலில் இழுத்தது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு தடித்த கட்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்தார்கள், அவசரப்படுத்தவே இல்லை. அதற்கு முழு மதிப்பெண். பக்க விளைவுகள், எந்த விசிட்டில் என்ன பரிசோதனை, எத்தனை மில்லி ரத்தம் எடுப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எல்லாம் இருந்தது. கடைசியில் என் படிப்பு, வேலை, ஆண்டு வருமானம் கேட்ட கட்டங்கள். அதற்குக் கீழே நாமினியின் பெயர், முகவரி, உறவு. நான் தினமும் டெபாசிட் படிவத்தில் நாமினி கட்டத்தை நிரப்பச் சொல்லி ஆட்களிடம் நச்சரிக்கிறவள். எனக்கு அது பழகின கட்டம். வீட்டுக்காரர் அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. சோதனையால் உயிர் போனால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகக் கேட்கிற கட்டம் அது. அவருடைய பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து அவருடைய எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

இந்தக் கட்டமெல்லாம் கம்பெனி விருப்பப்பட்டு வைத்தது இல்லை, சட்டம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், காயத்துக்கும் மரணத்துக்கும் சோதனையை நடத்தும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். இந்தப் பகுதி படிவத்தில் இல்லையென்றாலோ, "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்று யாராவது தள்ளிவிட்டாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி, வெற்று மாத்திரை. பிளாசிபோ. எங்கள் டிரயலில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டருக்கும் தெரியாது. "நோயாளியை ஏமாத்தறாங்களே" என்று என் அம்மா வருத்தப்பட்டார். எனக்கு அது ஏமாற்றாகப் படவில்லை, படிவத்திலேயே எழுதித்தானே கையெழுத்து வாங்குகிறார்கள்? இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது எதற்கு என்பதற்கு மோங்கர்சென் கதை போதும். கிரோன் நோய்க்கான மருந்து அது. 2015இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் அதிக டோஸ் எடுத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, பிளாசிபோவில் வெறும் 10 சதவீதம். எல்லோரும் கொண்டாடினார்கள். மூன்றாம் கட்டத்தில் பெரிய கூட்டத்தை வைத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை என்று 2017இல் நிறுத்திவிட்டார்கள். செகுகினுமாப் இன்னொன்று. சொரியாசிஸுக்கு அருமையான மருந்து, குடலிலும் வேலை செய்யும் என்று நம்பினார்கள். 2012இல் வந்த முடிவில், கிரோன் நோயாளிகளில் பிளாசிபோ எடுத்தவர்களை விட மருந்து எடுத்தவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாவிட்டால் இவை கண்ணில் பட்டிருக்காது.

நம்பிக்கையை எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் எண்கள் உதவும். எட்ராசிமோட்டின் ஒரு வருடச் சோதனையில் 433 பேர். 12ஆம் வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, பிளாசிபோவில் 7 சதவீதம். 52ஆம் வாரத்தில் 32க்கு 7. மருத்துவ உலகில் இது நல்ல வெற்றி. ஆனால் மருந்து உண்மையாகவே கிடைத்தவர்களிலும் மூன்றில் இரண்டு பேருக்கு ஒரு வருட முடிவில் நோய் முழுதாக அடங்கவில்லை. சேரப்போகிற எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

சேர்வதற்கு முன் ஒரு பெரிய சுற்றுப் பரிசோதனை. மலத்தில் கிருமித் தொற்று இருக்கிறதா, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் எவ்வளவு, நெஞ்சு எக்ஸ்ரே, டிபிக்கான ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. இதெல்லாம் எதிர்பார்த்தது. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். மருந்து போட்டு கண்மணியை விரித்து, விழித்திரையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒரு குழாயில் வாயை வைத்து முழு மூச்சையும் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். வயிற்று நோய்க்குக் கண் எதற்கு என்று கேட்டேன். இந்த வகை மருந்து அபூர்வமாக விழித்திரையின் நடுவில் வீக்கம் உண்டாக்கும், ஆரம்ப நிலை தெரிந்திருந்தால்தான் பிறகு வரும் மாற்றம் தெரியும் என்று விளக்கினார்கள். அப்புறம் ஸ்கோப், கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அந்த வீடியோவை எங்கோ இருக்கும் இன்னொரு நிபுணருக்கு அனுப்புவார்கள். என் பெயர், ஊர், நான் எந்தப் பிரிவு எதுவும் தெரியாமல் புண்ணை மட்டும் பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார். அவர் போட்டது என் டாக்டர் போட்டதோடு ஒத்துப்போகாத நேரமும் உண்டு. அப்படி இருப்பதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

முதல் மாத்திரை போட்ட நாள் முழுக்க ஆஸ்பத்திரியில்தான். இந்த வகை மருந்து முதல் டோஸில் இதயத் துடிப்பைக் குறைக்கும். அதனால் மாத்திரைக்கு முன் ஒரு ஈசிஜி, பிறகு நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை நாடியும் பிரஷரும், கடைசியில் இன்னொரு ஈசிஜி. அன்றைக்கு என்னைக் கவனித்தவர் என் டாக்டர் இல்லை, வேறொருவர். துடிப்பு இறங்கினால் இவளுக்குக் கிடைத்தது மருந்துதான் என்று என் டாக்டர் யூகித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ரத்தப் பரிசோதனையிலும் அப்படித்தான். ஹீமோகுளோபின், ஈரல், சிறுநீரகம் எல்லாம் காட்டினார்கள். லிம்ஃபோசைட் எண்ணிக்கையை மட்டும் மறைத்துவிடுவார்கள், ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் மட்டும் கண்காணிப்பாளர் அழைப்பார்.

வீட்டில் எழுதுவதற்கு போன் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். தினமும் ராத்திரி அலாரம் அடிக்கும். இன்று எத்தனை முறை போனீர்கள்? ரத்தம் இல்லையா, பாதிக்கும் குறைவான தடவை கோடாகத் தெரிந்ததா, பெரும்பாலான தடவை தெளிவாகத் தெரிந்ததா, வெறும் ரத்தமாகவே போனதா? டாக்டரிடம் உட்கார்ந்து "பரவாயில்லைங்க" என்று பொதுவாகச் சொல்லிப் பழகியவள் நான். ஒவ்வொரு ராத்திரியும் இவ்வளவு துல்லியமாகக் கேட்கப்பட்ட பிறகுதான் என் நோயை நானே சரியாகப் பார்த்தேன். எந்தச் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது, மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் தடவை கூடுகிறது என்பதெல்லாம் தெரிந்தது. டிரயல் முடிந்த பிறகும் ஒரு நோட்டில் அதே கேள்விகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷ வைத்தியத்தில் என் உடம்பை இவ்வளவு கவனமாக யாரும் அளந்ததில்லை. மருந்து வேலை செய்யட்டும், செய்யாமல் போகட்டும், இந்தக் கவனம் மூன்று பேரில் மூன்று பேருக்கும் கிடைக்கிறது.

இனி குறைகள். முதலாவது டாய்லெட். டிரயல் அலுவலகம் ஒரு மாடியில், பெண்கள் டாய்லெட் நடைபாதையின் மறுகோடியில், அதுவும் வெளிநோயாளிகள் எல்லோருக்கும் பொதுவானது. வந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் குடல் நோய். அவசரம் என்றால் நிமிஷக் கணக்கு கிடையாது, நொடிக் கணக்கு. காலையில் பொள்ளாச்சியிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வருகிறவளுக்கு உள்ளே நுழைந்ததும் வேண்டியது அதுதான். பலமுறை சொல்லியும் மாறவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து நடக்கும் சோதனையில் ஒரு அறையை ஒதுக்க முடியாதா என்று எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

இரண்டாவது, போக்குவரத்துப் பணம். ஒவ்வொரு விசிட்டுக்கும் தருவதாகப் படிவத்தில் இருந்தது, தரவும் செய்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி. எனக்குச் சமாளிக்க முடிந்தது. என்னோடு காத்திருந்த ஒரு தறி ஓட்டும் தம்பி அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வருகிறவர். அவருக்கு அது பெரிய சுமை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலித்தது. குழந்தை பெறும் வயதுப் பெண்கள் டிரயலில் கர்ப்பமாகக் கூடாது, கருத்தடை கட்டாயம், விசிட்டுக்கு விசிட் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. காரணம் புரிகிறது, கருவுக்கு மருந்து என்ன செய்யும் என்று தெரியாது. ஆனால் டிரயலில் எங்களைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர் அந்தக் கேள்வியை நடைபாதையில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, "அக்கா, போன மாசம் பீரியட்ஸ் எப்ப? பாதுகாப்பா இருக்கீங்கல்ல?" என்று உரக்கக் கேட்டார். நல்ல பெண், ராத்திரி எப்போது போன் செய்தாலும் எடுப்பாள், ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். இருந்தாலும் அது நடைபாதையில் கேட்கிற கேள்வி இல்லை.

பலனைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. சில வாரங்களில் ரத்தம் குறைந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்த முடிந்தது. ஸ்கோப்பிலும் புண் ஆறியிருந்தது. கவுண்டரைப் பூட்டாமல் ஒரு முழுக் காலை நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஆனால் அந்த முதல் கட்டத்தில் எனக்குக் கிடைத்தது மருந்தா, வெற்று மாத்திரையா என்று இன்றுவரை தெரியாது. பிளாசிபோவிலும் சிலருக்கு நோய் அடங்குகிறது என்று மேலே எழுதினேன். பிறகு எல்லோருக்கும் மருந்தே தரும் நீட்டிப்புக் கட்டத்தில் சேர்ந்தேன், அங்கேயும் நன்றாகவே இருந்தேன். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த டிரயலின் மிகப் பலவீனமான இடம் அதன் முடிவுதான். நீட்டிப்புக் கட்டம் முடிந்ததும் மாத்திரை நின்றுவிட்டது. மிச்சமிருந்ததை எண்ணி, பாட்டிலோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சோதனைக்குப் பிறகும் இலவசமாக மருந்து தர வழி செய்யும் விதி நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் வேறு சிகிச்சை இல்லாத நோய்க்கு, டாக்டர் பரிந்துரைத்து, சோதனையில் இருப்பவர்களின் நலனைக் கவனிக்கும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான். எங்கள் நோய்க்கு வேறு மருந்துகள் இருப்பதால் எனக்கு அது பொருந்தவில்லை. இது படிவத்தில் ஒரு வரியாக இருந்தது. ஒரு வரி போதாது, யாராவது எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது டோஃபாசிட்டினிப் எடுக்கிறேன். அதுவும் ஒரு காலத்தில் சோதனையில் இருந்த மாத்திரைதான், 2018இல் எங்கள் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிப்பதால் எங்களால் வாங்க முடிகிறது. அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும் மருந்து என்பதால் முதலில் அதற்கான தடுப்பூசி போட்டார்கள். முன்னால் என் போன்ற யாரோ வெற்று மாத்திரையை விழுங்க ஒப்புக்கொண்டதால்தான் இது எனக்குக் கிடைக்கிறது என்று மாத்திரை போடும்போது நினைத்துக்கொள்வேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நோய் மிதமாக இருந்து, வழக்கமான மருந்துகள் கேட்காமல், மையத்துக்கு அடிக்கடி போய்வர முடிகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். காய்ச்சலும் ரத்தப்போக்குமாகப் படுத்திருப்பவர்களுக்கு வேண்டாம், வெற்று மாத்திரையாக இருக்க வாய்ப்பே இல்லாத சிகிச்சை உங்களுக்கு இன்றைக்கே தேவை. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் காத்திருக்கலாம். எல்லா டிரயலும் கம்பெனி மாத்திரையும் இல்லை. டெல்லி எய்ம்ஸில், ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்களை ஸ்கோப் வழியாகக் குடலில் செலுத்தி, கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையும் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். 2022இல் முடிவு வெளியானது, லேசான, மிதமான நோயுள்ளவர்களுக்குப் பலன் இருந்தது.

டிரயல் உண்மையானதா என்று சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம், நோயின் பெயரைப் போட்டால் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, யார் பொறுப்பு என்று வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, படிக்கச் சிரமம், வீட்டில் படித்த பிள்ளைகள் யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் கேட்டால் தயங்குகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அது உங்கள் உரிமை. அதில் எதிக்ஸ் கமிட்டியின் போன் எண் இருக்கும். நடைபாதையில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி நான் அந்த எண்ணுக்குத்தான் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, என் பெயரை வெளியே சொல்லலாமா என்றும் கேட்டார். அடுத்த விசிட்டில் கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கும் அதே அறைதான். டாய்லெட்டைப் பற்றியும் அந்த எண்ணில் சொல்லியிருக்கிறேன்.